கம்பெனி வக்கீலிடம் கேளுங்கள்: பாலிசி இருக்கிறது, பணம் யார் தருவது?

விபத்து வழக்குகளில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக ஆஜராகும் வக்கீல் இந்தப் பகுதியில் பதில் சொல்வார் என்று அறிவிப்பு வந்ததும் வந்த கடிதங்களில் பாதி கேள்வி, மீதி வசவு. வசவு எழுதியவர்களும் கடைசி வரியில் ஒரு சந்தேகத்தைச் செருகியிருந்ததால் அவர்களுக்கும் சேர்த்தே பதில்.

"சட்டப் படிப்பில் இறுதியாண்டு படிக்கிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் வழக்குகளைக் கொடுக்கும் வக்கீல் பட்டியலான பேனலில் சேர ஆசை. 'செத்தவன் வீட்டுக்கு வரும் காசைத் தடுக்கிற வேலை உனக்கு வேண்டாம்' என்கிறார் அம்மா. உண்மையில் அந்த வேலை என்ன சார்? வருமானம் வருமா?" (மாணவர், திருநெல்வேலி)

உங்கள் அம்மா சொல்வது பாதி சரி, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊர் நீதிமன்றங்களில் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) என்று எண் போட்டு வரும் ஒவ்வொரு விபத்து வழக்கிலும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு தர வேண்டும் என்பது ஒன்று, அதை யார் தர வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் பாதிக்கப்பட்டவரும் கம்பெனியும் நேருக்கு நேர் மோதுகிறார்கள், அங்கே வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது, ஊனச் சதவீதத்தைக் கேள்வி கேட்பது என்று கம்பெனி வக்கீல் செய்வதைப் பார்த்தால் உங்கள் அம்மாவின் கோபம் புரியும். ஆனால் தொழிலின் சாரம் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. இந்த விபத்து இந்தப் பாலிசிக்குள் வருகிறதா, வராவிட்டால் வண்டி உரிமையாளரின் சொந்தப் பையிலிருந்து போக வேண்டுமா என்பதுதான் அது. அந்தச் சண்டையில் கம்பெனிக்கு எதிரே நிற்பவர் பெரும்பாலும் பிரீமியம் கட்டிய வாடிக்கையாளர்தான், செத்தவன் வீடு இல்லை. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

நினைத்ததையெல்லாம் சொல்லிக் கம்பெனி தப்பிக்கவும் முடியாது. எந்தெந்தக் காரணங்களைச் சொல்லலாம் என்று மோட்டார் வாகனச் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. முன்பு அது 149(2)-ஆம் பிரிவு, 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு 150(2). லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை, பந்தயம் ஓட்டினார், பொய்த் தகவல் கொடுத்துப் பாலிசி வாங்கினார், இப்போது புதிதாக, குடித்துவிட்டு ஓட்டினார், பிரீமியமே வந்து சேரவில்லை. கிட்டத்தட்ட இவ்வளவுதான். தொகை அதிகம், விபத்துக்குக் காரணமே எதிர் வண்டிதான் என்றெல்லாம் முழுசாக வாதாட வேண்டுமென்றால் 170-ஆம் பிரிவில் தனி அனுமதி வாங்க வேண்டும். புதிதாக வருகிற பையன்கள் இந்த மனுவைப் போட மறந்துவிட்டு மேல்முறையீட்டில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வருமானம்? பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு, அப்புறம் ஒரு சீனியரிடம் சில வருடம். நேராகப் பேனலுக்குப் போவது அபூர்வம். பேனலில் வந்த பிறகு வழக்குக்கு இவ்வளவு என்று ஃபீஸ், தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை, கட்டு கட்டாக வழக்கு வந்தால்தான் கூட்டிக் கழித்து வாழ்க்கை ஓடும். பில் போட்டால் பணம் வரத் தாமதமாகும், அதை எதிர்பார்த்தே குடும்பச் செலவைத் திட்டமிட வேண்டும். பேனலில் இருக்கும்வரை அந்தக் கம்பெனிக்கு எதிராகக் கிளைமண்ட் சைடு, அதாவது இழப்பீடு கேட்பவர் பக்கத்து வழக்கு எடுக்கக் கூடாது. அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: நல்ல கம்பெனி வக்கீல் பாதி நேரம் தன் கம்பெனியோடுதான் சண்டை போடுகிறான், 'இதைக் கட்டிவிடுங்கள், இழுக்காதீர்கள்' என்று.

"என் கணவர் லாரி மோதி இறந்தார். லாரி டிரைவரிடம் லைசென்ஸே இல்லையாம். அதனால் பணம் தர மாட்டோம் என்று கம்பெனி சொல்கிறது. எங்களுக்கு ஒன்றும் கிடைக்காதா?" (வாசகி, வேலூர்)

கிடைக்கும் அம்மா, தைரியமாக வழக்கை நடத்துங்கள். 2004-ல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன விஷயம் இது. லைசென்ஸ் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, அதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும், உரிமையாளர் தெரிந்தோ அஜாக்கிரதையாகவோ அந்த மீறலுக்கு இடம் கொடுத்தார் என்பதையும் கம்பெனிதான் காட்ட வேண்டும். அப்படி நிரூபித்துவிட்டாலும்கூட, பாலிசி எடுத்தவரோ கம்பெனியோ அல்லாத மூன்றாம் நபரான உங்களுக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். கோர்ட்டில் எல்லோரும் 'பே அண்ட் ரெக்கவரி' என்று சொல்வது இதைத்தான். வசூலிப்பதற்குக் கம்பெனி தனியாக ஒரு சிவில் வழக்குப் போட வேண்டியதில்லை, அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனுப் போட்டால் போதும் என்று அதே 2004-ல் நஞ்சப்பன் வழக்கிலும் சொல்லிவிட்டார்கள்.

அதே நேரம், 'லைசென்ஸ் இல்லை' என்று கம்பெனி சொல்வதில் பல ரகம் உண்டு. லைசென்ஸே எடுக்காதவர், காலாவதியானவர், போலி லைசென்ஸ் வைத்திருந்தவர், அப்புறம் நம் ஊரில் மிகவும் பிரபலமான 'பேட்ஜ் இல்லை'. கார் ஓட்ட லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் சரக்கு ஆட்டோ ஓட்டத் தனி அனுமதி இல்லை என்று வருடக்கணக்காகக் கம்பெனிகள் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடின, நானும் வாதாடியிருக்கிறேன். 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கம்பெனிகள் விடாமல் அரசியல் சாசன அமர்வு வரை போயின, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகளும் பழைய தீர்ப்பையே உறுதி செய்தார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை இலகு ரக லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம், பேட்ஜ் கதை முடிந்தது. உங்கள் வழக்கில் வண்டி லாரி என்பதால் இது பொருந்துமா என்பது அதன் எடையைப் பொறுத்தது. ஆர்.சி. நகலில் எடை போட்டிருக்கும், உங்கள் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"இரண்டு லாரி வைத்திருக்கிறேன். ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிறேன். விபத்து வழக்கில் சம்மன் வந்தது. கம்பெனி வக்கீல் எனக்கும் சேர்த்துத்தானே வாதாடுவார்? நான் போகாமல் இருக்கலாமா?" (லாரி உரிமையாளர், நாமக்கல்)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதிக்கு ஒப்புக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டார். என் வக்காலத்து கம்பெனிக்கு மட்டும். நீங்கள் ஒன்றாம் எதிர்மனுதாரர், கம்பெனி இரண்டாம் எதிர்மனுதாரர், இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பதால் ஒரே கட்சி என்று நினைக்கிறீர்கள். விபத்து எப்படி நடந்தது என்பதில் நாம் ஒரே கட்சிதான், டிரைவர் மேல் தப்பில்லை என்று நீங்களும் சொல்வீர்கள், நானும் சொல்வேன். பாலிசி நிபந்தனை என்று வந்த நிமிடமே நாம் எதிரெதிர் கட்சி. உங்கள் டிரைவரின் லைசென்ஸ் சரியில்லை, உங்கள் வண்டிக்குப் பெர்மிட் இல்லை, எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்துவிட்டது என்று கவுண்டரில், அதாவது பதில் மனுவில் எழுதப்போவது நான்தான். அமெரிக்காவில் வழக்கு வந்தால் பாலிசிதாரருக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கடமை. கம்பெனியின் நலனும் வாடிக்கையாளரின் நலனும் மோதும் வழக்குகளில் வாடிக்கையாளர் கம்பெனிச் செலவிலேயே தனி வக்கீல் கேட்கலாம் என்று கலிஃபோர்னியாவில் 1984-ல் தீர்ப்பே வந்தது. இங்கே அந்த வழக்கமெல்லாம் நம் தீர்ப்பாயங்களில் கிடையாது. உங்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான உரிமையாளர்கள் 'அதான் இன்ஷூரன்ஸ் இருக்கே' என்று சம்மனை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி ஆகிறார்கள். எனக்கு அது வசதி. டிரைவரின் லைசென்ஸைக் கொண்டுவரச் சொல்லி உங்களுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புவேன், பதில் வராது, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து ஒருவரைச் சாட்சியாக வரவழைப்பேன், அந்தப் பெயரில் பதிவேட்டில் லைசென்ஸ் இல்லை என்று அவர் சொல்வார், குறுக்கு விசாரணை செய்ய உங்கள் பக்கம் ஆள் இல்லை. பே அண்ட் ரெக்கவரி உத்தரவு கிடைத்துவிடும். கம்பெனி பணத்தைக் கட்டும், பாதிக்கப்பட்டவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சில வருடம் கழித்து வட்டியோடு நிறைவேற்று மனுவும் லாரியையோ வீட்டையோ ஜப்தி செய்யும் நோட்டீஸும் வரும்போதுதான் வக்கீல் யார் என்று தேடுவீர்கள். அதற்குள் மேல்முறையீட்டுக் கெடுவும் தாண்டியிருக்கும்.

நீங்கள் வந்து கூண்டில் ஏறி, 'வேலைக்கு வைக்கும்போது லைசென்ஸைப் பார்த்தேன், வண்டியை ஓட்டச் சொல்லிச் சோதித்தேன், அது போலி என்று எனக்குத் தெரியாது' என்று சொன்னாலே வழக்கின் திசை மாறும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் ஒவ்வொரு லைசென்ஸையும் சரிபார்க்க வேண்டிய கடமை உரிமையாளருக்கு இல்லை என்று 2013-ல் பெப்சு போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவ வேண்டுமானால் நீங்கள் கோர்ட்டுக்கு வந்து அந்தச் சாட்சியத்தைக் கொடுத்திருக்க வேண்டும். டிரைவரை வேலைக்கு எடுக்கும் அன்றே லைசென்ஸ் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பெர்மிட் விஷயத்தில் இந்தச் சலுகையெல்லாம் இல்லை. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படை மீறல் என்று 2018-ல் அம்ரித் பால் சிங் வழக்கில் முடிவாகிவிட்டது.

"குட்டி யானையில் கல்யாணத்துக்குப் போன எங்கள் சொந்தக்காரர்கள் வண்டி கவிழ்ந்து அடிபட்டார்கள். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஆனால் 'இவர்களுக்கு கவரேஜ் இல்லை' என்கிறார்கள். எப்படி?" (வாசகர், திண்டுக்கல்)

அது சரக்கு வண்டி. பாலிசி சாலையில் போகிறவர்களுக்கும், சரக்கோடு வரும் சரக்குக்காரருக்கும், சட்டம் சொல்லும் தொழிலாளிகளுக்கும்தான். சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ ஏறினால் செல்லும் என்பதே 1994 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு வெளியே, சும்மா ஏறி வந்தவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பையே மாற்றிச் சொன்னது. சீர்வரிசைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்ததால் சரக்கு உரிமையாளர் என்று ஒரு வாதம் வரும், ஒவ்வொரு முகூர்த்த மாதத்துக்குப் பிறகும் வரும், நீதிபதிகளும் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

ஆனாலும் கதவு முழுதாக அடைக்கவில்லை. 2017-ல் மனுவாரா காதூன் வழக்கில், இலவசப் பயணிகள் விஷயத்தில்கூட கம்பெனி முதலில் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்று உத்தரவானது. உங்கள் வக்கீல் அதைக் கேட்க வேண்டும். வண்டிக்காரர் உங்கள் சொந்தக்காரராக இருந்தால் கடைசியில் அவர் தலையில்தான் விடியும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் லோடு வண்டியில் ஆள் ஏற்றுவதை நிறுத்தச் சொன்னால் நம் ஊரில் யார் கேட்கிறார்கள்.

"பைக்கை விற்று மூன்று வருடம் ஆகிறது. வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. இப்போது அவர் ஆளை இடித்துவிட்டார், சம்மன் எனக்கு வந்திருக்கிறது!" (வாசகர், சேலம்)

ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். கை மாறிக் கை மாறி நாலு பேரிடம் போனாலும் அதுதான் நிலை என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் முடிவு செய்துவிட்டார்கள். விபத்து நடந்த அன்று அந்த வண்டிக்குப் பாலிசி உயிரோடு இருந்ததா என்று உடனே பாருங்கள். இருந்தால் மூன்றாம் நபருக்குக் கம்பெனி கட்டும், வண்டி விற்கப்பட்டது என்ற காரணத்தை மட்டும் சொல்லி அது நழுவ முடியாது, 157-ஆம் பிரிவு அதற்குத்தான். பாலிசி செத்துப் போயிருந்தால் தீர்ப்பு உங்கள் மேல்தான், விற்ற பேப்பர் கையில் இருந்தாலும். வாங்கியவரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி மனுப் போடுங்கள். இந்த மாதமே வக்கீலைப் பாருங்கள்.

"பிரீமியத்துக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. பாலிசி கையில் இருக்கிறது. விபத்து நடந்தால் செல்லுமா?" (வாசகர், கோவை)

உங்களுக்குச் செல்லாது, நீங்கள் இடித்தவருக்குச் செல்லலாம். பணம் வராமல் கம்பெனி ரிஸ்க் எடுக்கக் கூடாது என்பது 1938 இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு. ஆனால் பாலிசியைக் கையில் கொடுத்துவிட்டு, விபத்து நடந்த பிறகு 'செக் திரும்பிவிட்டது, ரத்து' என்று சொன்னால் மூன்றாம் நபர் என்ன செய்வார்? விபத்துக்கு முன்பே ரத்து செய்து உரிமையாளருக்குத் தெரிவித்திருந்தால் கம்பெனி விடுபடும், இல்லையென்றால் கட்ட வேண்டும் என்று 2012-ல் லக்ஷ்மம்மா வழக்கில் சொன்னார்கள். புதிய 150-ஆம் பிரிவில் பிரீமியம் வராததையும் ஒரு காரணமாகச் சேர்த்துவிட்டார்கள், ஆகையால் இனிமேல் இந்தச் சண்டை இன்னும் சூடாகும்.

இன்னொன்று, பாலிசியில் தேதி மட்டுமல்ல, மணியும் இருக்கும். ஒரு வழக்கில் விபத்து மதியம் 2.20, பாலிசி எடுத்தது அதே நாள் 2.55. இடித்துவிட்டு ஓடிப்போய் எடுத்த பாலிசி. சுனிதா ராட்டி வழக்கு என்று பெயர், உச்ச நீதிமன்றம் கம்பெனியை விடுவித்தது.

"ஒரு வழக்குக் கட்டு வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? கம்பெனி வக்கீல்கள் எல்லா விபத்தையும் பொய் என்கிறார்களே?" (வாசகர், சென்னை)

எஃப்.ஐ.ஆர். என்று சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை. ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்த முதல் மணி நேரத்தில், வக்கீலும் புரோக்கரும் வருவதற்கு முன்னால், டியூட்டி டாக்டர் கேட்டு எழுதியது அது. 'தானாக பைக்கிலிருந்து வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்' என்று அதில் இருக்கும். பத்து நாள் கழித்துப் பதிவான எஃப்.ஐ.ஆரில் பின்னாலிருந்து ஒரு வேன் வந்து மோதியிருக்கும், அந்த வேனுக்கு முழு இன்ஷூரன்ஸ் இருக்கும், வேன் டிரைவர் நேராகக் கோர்ட்டுக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருப்பார். அப்புறம் எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டைப் பார்த்தால் வேனில் ஒரு கீறல்கூட இருக்காது. இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்தால் சந்தேகப்படாமல் என்ன செய்வது?

ஒன்று மட்டும் இருந்தால் சந்தேகப்படக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும், இதைப் பல கம்பெனி வக்கீல்கள் மறந்துவிடுகிறார்கள். மகன் ஐ.சி.யூவில் கிடக்கும்போது எந்த அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவார்? எஃப்.ஐ.ஆர். தாமதம் என்பதை மட்டும் வைத்து வழக்கைப் பொய் என்று சொல்வது சோம்பேறித்தனம். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் பதற்றத்தில் தப்பாகச் சொல்லியிருக்கலாம், ஏ.ஆர். காப்பியில் தகவல் சொன்னவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த டாக்டரைச் சாட்சியாகக் கூப்பிடாமல் காப்பியை மட்டும் நீட்டினால் தீர்ப்பாயம் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

பொய் வழக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். உத்தரப் பிரதேசத்தில் 2015-லேயே இதற்கென்று சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும்படி அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, வக்கீல்களே சிக்கினார்கள். இப்போது விதி மாறியிருக்கிறது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயமாகப் பின்பற்றச் சொன்னது. ஒழுங்காக நடந்தால் வண்டியை மாற்றி வைக்கும் வேலைக்கு நேரமே இருக்காது. நடக்கிறதா என்பது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறுகிறது.

"தொகையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? எங்கள் வக்கீல் ஒரு கோடி கேட்டிருக்கிறார்." (வாசகர், தஞ்சாவூர்)

கேட்பதற்குக் காசு கிடையாதா? அதுவும் தப்பு, கோர்ட் கட்டணம் உண்டு. ஆனால் கணக்கு ஒன்றும் மந்திரமில்லை, 2009-ல் சரளா வர்மா வழக்கும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கும் வாய்ப்பாடு மாதிரி எழுதி வைத்துவிட்டன. 32 வயதுத் தச்சர் ஒருவர் இறந்தார், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா அவரை நம்பியிருந்தார்கள், மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று தீர்ப்பாயம் ஏற்றது என்று வையுங்கள். வருடத்துக்கு 1,80,000. சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. நம்பியிருப்பவர்கள் நாலு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. 31-லிருந்து 35 வயதுக்குப் பெருக்கல் எண் 16. ஆக 30,24,000. இதற்கு மேல் ஈமச் செலவு, குடும்பத் துணை இழப்பு போன்றவற்றுக்கு நிலையான தொகை, மேலே வட்டி, நம் பக்கத்துத் தீர்ப்புகளில் பெரும்பாலும் 7.5 சதவீதம்.

இதில் சண்டை நடக்கும் ஒரே இடம் அந்த 15,000. மற்றதெல்லாம் கால்குலேட்டர் வேலை. தச்சருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது என்று நான் 8,000 என்பேன், உங்கள் வக்கீல் 30,000 என்பார். பேங்க் பாஸ்புக், மேஸ்திரியின் சாட்சியம், ஜிபே கணக்கு, எதுவானாலும் கொண்டுவாருங்கள். ஒரு கோடியை நிரூபிக்கச் செலவழிக்கும் நேரத்தில் இதைச் செய்தால் பலன் உண்டு.

"பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?" (வாசகி, நாகர்கோவில்)

எதிரே வந்த வண்டி மேல் தப்பு என்றால் அந்த வண்டியின் கம்பெனி தரும், பிரச்சினையில்லை. நீங்கள் உட்கார்ந்து போன பைக் மேலேயே தப்பு என்றால், அந்த பைக்குக்கு சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி பாலிசியான வெறும் 'ஆக்ட் பாலிசி' மட்டும் இருந்தால் கிடையாது (திலக் சிங் வழக்கு, 2006), சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசி என்றால் உண்டு (பாலகிருஷ்ணன் வழக்கு, 2012). சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க தேர்ட் பார்ட்டி மட்டும் போடுகிறவர்கள் மனைவியைப் பின்னால் ஏற்றும்போது இதை நினைத்துக்கொள்ளட்டும்.

"நான் டாக்டர். தொழில்முறைப் பொறுப்புப் பாலிசி பத்து வருடமாகக் கட்டினேன். போன வருடம் ஓய்வு பெற்று நிறுத்திவிட்டேன். இப்போது மூன்று வருடத்துக்கு முன் செய்த அறுவைக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அப்போது பாலிசி இருந்ததே?" (வாசகர், மதுரை)

இருந்தது, ஆனால் பயன்படாமல் போகலாம். மோட்டார் பாலிசியில் விபத்து நடந்த நாள் முக்கியம். டாக்டர்களுக்கான பாலிசிகள் பெரும்பாலும் வேறு வகை. நோட்டீஸ் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும், சம்பவமும் பாலிசியில் குறிப்பிட்ட ஒரு பின்தேதிக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் கவரேஜ். 1995-ல் சாந்தா வழக்கில் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பான பிறகு டாக்டர்கள் வேகவேகமாக இந்தப் பாலிசியை எடுத்தார்கள், இந்த ஷரத்தைப் படித்தவர்கள் குறைவு. உங்கள் பாலிசியில் நிறுத்திய பிறகும் குறிப்பிட்ட காலம் வரை நோட்டீஸை ஏற்கும் நீட்டிப்பு ஷரத்து இருக்கிறதா பாருங்கள். அப்போதே புகார் ஏதாவது வந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருந்தீர்களா என்றும் தேடுங்கள், அது பெரிய ஆயுதம். எதிர்த்தரப்பிடம் தப்பை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதுவதோ, கம்பெனியைக் கேட்காமல் சமரசம் பேசுவதோ வேண்டாம், இருக்கும் கொஞ்ச நஞ்ச உரிமையும் போகும்.

"என் பட்டறையில் வேலை செய்தவருக்குக் கை போனது. தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி இருக்கிறது. அசலை மட்டும் கம்பெனி கட்டிவிட்டு வட்டியும் அபராதமும் நீ கட்டு என்கிறது." (பட்டறை உரிமையாளர், ஓசூர்)

அபராதம் உங்களுடையதுதான், 1997-ல் வேத் பிரகாஷ் கார்க் வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். வட்டி, பாலிசியைப் பொறுத்தது. மோட்டார் பாலிசி என்றால் கம்பெனி வட்டியும் தர வேண்டும். பட்டறைக்கு எடுக்கும் பாலிசியில் 'வட்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று எழுதிக்கொள்ளலாம், 2006-ல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்துவிட்டது. வருடத்துக்கு 12 சதவீதம் ஓடுகிறது, வாதாடிக்கொண்டே இருந்தால் வட்டி அசலைத் தொட்டுவிடும். பாலிசியில் அந்த வரி இருந்தால் கட்டி முடியுங்கள்.

"லோக் அதாலத்துக்கு வரச் சொல்கிறார்கள். போனால் ஏமாற்றிவிடுவார்களா?" (வாசகி, கடலூர்)

பாலிசியில் தகராறு இல்லாத வழக்கு என்றால் போங்கள். மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். சொல்கிற தொகை அதற்குப் பக்கத்தில் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம், பாதி என்றால் எழுந்து வந்துவிடலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு அதன் மேல் அப்பீல் கிடையாது.

"பேனலில் சேர்ந்து சில வருடமாகிறது. 'மேல்முறையீட்டுக்கு இடமில்லை' என்று நான் கருத்து எழுதினாலும் கம்பெனி அலுவலகத்தில் அப்பீல் போடு என்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் கட்டு வருவது நின்றுவிடும் என்று பயம். சீனியர் என்ன சொல்வீர்கள்?" (இளம் வக்கீல், மதுரை)

தம்பி, அவர்கள் பக்கத்து நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். அந்த நாற்காலியில் இருக்கும் அதிகாரி ஒரு தீர்ப்பை ஏற்றுக்கொண்டு முப்பது லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டால் நாளை ஆடிட்டில் அவரைக் கேட்பார்கள், அப்பீல் போட்டுத் தோற்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் தெரிந்தே போடுகிறார்கள். 173-ஆம் பிரிவில் அப்பீல் போடக் கட்ட வேண்டிய முன்பணம் 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, எது குறைவோ அது. முப்பது லட்சத் தீர்ப்பை எதிர்க்க 25,000 போதும் என்றால் யாருக்குத்தான் கை வராது? ஸ்டே கேட்கும்போது உயர் நீதிமன்றம் பெரும் தொகையைக் கட்டச் சொல்லும், அது வேறு.

நீங்கள் செய்யக்கூடியது கருத்தை எழுதும் விதத்தை மாற்றுவது. 'இடமில்லை' என்று ஒரு வரி எழுதினால் அதிகாரிக்கு அதனால் பயனில்லை. சாட்சி என்ன சொன்னார், எந்த ஆவணம் குறுக்கே நிற்கிறது, எந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எதிராக இருக்கிறது, அப்பீல் முடிய ஆகும் காலத்துக்கு வட்டி எவ்வளவு ஏறும், தோற்றால் மொத்தம் எவ்வளவு என்று ரூபாயில் எழுதுங்கள். ஆடிட்டில் காட்டுவதற்கு அவருக்கு ஒரு தாள் கிடைக்கிறது, அந்தத் தாளுக்காகவே பல கட்டுகள் அப்பீல் இல்லாமல் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். தொகையில் மட்டும் கொஞ்சம் அதிகம் என்றால், அந்த ஒரு தலைப்புக்கு மட்டும் அப்பீல், மீதியை உடனே கட்டிவிடலாம் என்று யோசனை சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் போடச் சொன்னால் போடுங்கள், அது கட்சிக்காரரின் முடிவு, சட்டம் அனுமதிக்கிற வாதத்தை வைக்க மறுக்க உங்களுக்கு உரிமையில்லை. ஆனால் இல்லாத காரணத்தை எழுதச் சொன்னாலோ, பொய் லைசென்ஸ் ரிப்போர்ட்டைக் கொடுத்து கோர்ட் ஆவணமாக மார்க் பண்ணச் சொன்னாலோ, இன்வெஸ்டிகேட்டர் வண்டியைப் பார்க்காமலேயே எழுதிய அறிக்கையை நீட்டச் சொன்னாலோ, கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எழுத்தில் காரணம் சொல்லி. ஒரு கம்பெனி போனால் இன்னொன்று வரும். தீர்ப்பாயத்தில் தினமும் உங்களைப் பார்ப்பவர் அதே நீதிபதிதான், நீங்கள் எழுந்து 'இந்த வழக்கில் பாலிசி செல்லாது' என்று சொல்லும்போது அவர் நிமிர்ந்து பார்க்க வேண்டுமே.

கட்டு குறையும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் பேனல் வேலையை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கொஞ்சம் சிவில், கொஞ்சம் நுகர்வோர் வழக்கு என்று கையில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் பேனலில் இல்லாத கம்பெனிகளுக்கு எதிராகக் கிளைமண்ட் சைடும் எடுங்கள். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் எழுதும் கருத்துக்குக் கம்பெனியிலேயே மதிப்பு கூடுதல்.

(அடுத்த இதழில் வெள்ளத்தில் நின்ற கார்களின் இன்ஷூரன்ஸ் பற்றிய கேள்விகள். பாலிசியின் முழு நகலையும் சேர்த்து அனுப்புங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது.)